600 மணி நேரம்தான் ஓடிய இன்ஜின்: என்ன விலை கொடுக்கலாம்?

கேள்வி: சிறிய விமானத்துக்காக லைகமிங் ஓ-320 இன்ஜின் ஒன்று விலைக்கு வருகிறது. ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) செய்து 18 வருடம் ஆகிறது, அதன் பிறகு ஓடியது 600 மணி நேரம். 'இன்னும் 1,400 மணி நேரம் பாக்கி' என்கிறார் விற்பவர். அதை வைத்து விலை பேசலாமா?

பதில்: பேசாதீர்கள். இந்த இன்ஜினுக்குத் தயாரிப்பாளரான லைகமிங் சொல்லும் ஓவர்ஹால் வரம்பு 2,000 மணி நேரம் மட்டுமல்ல; அதை எட்டாவிட்டாலும் 12 வருடத்தில் பிரித்தாக வேண்டும். சொந்த உபயோக விமானங்களுக்குப் பல நாடுகள் அதைக் கட்டாயமாக்குவதில்லை, சரி. ஆனால் துருவுக்குச் சட்டம் தெரியாது.

18 வருடத்தில் 600 மணி என்றால் வருடத்துக்கு 33 மணி நேரம்தான். அதுகூடச் சீராக ஓடியதா, முதல் சில வருடங்களில் ஓடிவிட்டு அப்புறம் கொட்டகையில் கிடந்ததா என்பதை லாக்புக்கில் வரி வரியாகப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த இன்ஜினில் வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. இன்ஜின் சும்மா கிடந்தால் கேமில் இருக்கும் எண்ணெய் வடிந்துவிடும். ஈரம் பட்டு அதன் லோப்பில் (புடைப்பில்) துருப்புள்ளி விழும். மறுபடி ஓட்டும்போது, லோப் தள்ளும் டாப்பெட் அந்தப் புள்ளிமேல் உரசி உரசி இரண்டையும் தின்றுவிடும். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவு பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்டில் இது தெரியவே தெரியாது. கேம் தேய்ந்த இன்ஜினும் 76/80 (80 அழுத்தத்தில் காற்று கொடுத்தால் 76 நிற்கிறது) காட்டும்!

அதற்காக அந்த டெஸ்டை விட்டுவிட வேண்டாம். இன்ஜின் சூடாக இருக்கும்போதே செய்யச் சொல்லி, காற்று எங்கே கசிகிறது என்று காது கொடுங்கள். எக்ஸாஸ்ட் குழாயில் சத்தம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் வந்தால் பிஸ்டன் ரிங். அந்த அளவு 60-க்குக் கீழே போனால் சிலிண்டரைக் கழற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

கேமுக்கு, ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மினுங்கும் துகள் காந்தத்தில் ஒட்டினால் அது எஃகு. கேமிலிருந்தோ டாப்பெட்டிலிருந்தோ வந்திருக்கலாம். துகள் இல்லை என்றாலும், ஒரு சிலிண்டரைக் கழற்றி உள்ளே பார்க்க அனுமதி கேளுங்கள். விற்பவர் மறுத்தால், ஓவர்ஹாலுக்குப் போகும் பழைய இன்ஜினின் விலைக்கு மேல் ஒரு காசும் தராதீர்கள். அதுவும் கிராங்க்ஷாஃப்டும் கேஸும் (இன்ஜினின் வெளிக்கூடு) திரும்ப உபயோகிக்கும் நிலையில் இருந்தால்தான். புரொப்பெல்லர் எதிலாவது இடித்த வரலாறு இருந்து, அதற்கான ஆய்வுப் பதிவு லாக்புக்கில் இல்லையென்றால் அந்த விலையும் அதிகம்.

கேம் சுத்தமாக இருந்தால் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கலாம். எனக்கென்றால், மீதி 1,400 மணியில் பாதிக்குமேல் மதிப்புப் போட மனம் வராது. பணம் கொடுக்குமுன் இன்ஜின் தகட்டில் உள்ள சீரியல் எண்ணும் லாக்புக்கில் உள்ளதும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள்.