சட்டைக்குள் வெப்பமானி: கேள்வி பதில்

கேள்வி (கிண்டி, மாணவர்): அக்கா, ப்ராஜெக்டுக்குச் செம்புக் கம்பியைப் பனியனில் தைத்து வெப்பநிலை அளக்கலாமா?

அளக்கலாம் தம்பி. சூடு ஒரு டிகிரி ஏறினால் செம்பின் மின்தடை ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். ஆனால் கம்பி 1 சதவீதம் நீண்டாலே மின்தடை சுமார் 2 சதவீதம் கூடிவிடும். மூச்சை இழுத்துக் கம்பி அந்தளவு நீண்டால் 5 டிகிரி காய்ச்சல் என்று காட்டும்! அதனால் நெளிநெளியாகத் தையுங்கள். துணி இழுபட்டால் நெளிவு விரியும், கம்பி நீளாது. மோட்டாருக்குச் சுற்றும் எனாமல் கம்பியே போதும். 0.1 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 2 ஓம்தான் வரும். இணைப்பு ஒயரின் தடையும் கணக்கில் புகுந்துவிடும். அதனால் நான்கு ஒயர் முறையில் (இரண்டு ஒயரில் மின்சாரம் அனுப்பி, மற்ற இரண்டில் மின்னழுத்தம் பார்ப்பது) அளந்துவிடுங்கள். எனாமல் உரிந்த இடத்தில் வேர்வை பட்டால் எல்லாம் போச்சு. வேர்வை உப்புத் தண்ணீர், மின்சாரம் கடத்தும்.

கேள்வி: கார்பன் நானோடியூப் (மிக நுண்ணிய கார்பன் குழாய்) பூசிய நூலில் அளக்கலாமா?

ஆய்வகத்தில் அழகு. ஈரப்பதத்துக்கும் மின்தடை மாறும். நம் ஊர்க் காற்றில், அதுவும் வேர்வையோடு, எதை அளக்கிறோம் என்றே தெரியாது. மேலே உறை பூசாமல் தொடாதீர்கள்.

கேள்வி: இதில் காய்ச்சல் தெரியுமா?

தோல் சூடு வேறு, உள்ளுடல் சூடு வேறு. ஏசி அறைக்குள் போனாலே தோல் குளிர்ந்துவிடும். அக்குளில், கையை ஒட்டி மூடினால் ஓரளவு நெருங்கலாம்.

கேள்வி: குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்க...

முந்தைய பதில். குழந்தைக்கு மருந்துக்கடை வெப்பமானி, அப்புறம் டாக்டர்.

கேள்வி (அம்பத்தூர்): நூலுக்குள் தெர்மிஸ்டரை (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் சிறு மின்னணுப் பாகம்) புதைப்பதைத் துணி சென்சார் என்கிறார்கள். பட்டன் தைத்தால் பட்டனும் துணியா மேடம்?

வாங்க சார், சண்டைக்குத் தயார்! இங்கிலாந்தின் நாட்டிங்காம் ட்ரென்ட் பல்கலைக்கழகத்தில் கடுகைவிடச் சிறிய தெர்மிஸ்டரைப் பிசினில் மூடி, சுற்றி இழை பின்னி நூலாக்கினார்கள். அந்த நூலைத் துணியில் சேர்க்கலாம். பட்டனை அப்படிச் செய்ய முடியுமா? தெர்மிஸ்டர் டிகிரிக்குச் சுமார் 4 சதவீதம் மாறும், செம்பைப்போலப் பத்து மடங்கு. பிசினுக்குள் இருப்பதால் இழுவையும் வேர்வையும் எட்டாது.

அம்பத்தூர்: ஆனால் ஒரு புள்ளியில்தானே அளக்கும்? கம்பி என்றால் முதுகு முழுக்கச் சராசரி தருமே.

அது நியாயம். சராசரி வேண்டுமென்றால் கம்பி, குறிப்பிட்ட இடம் வேண்டுமென்றால் தெர்மிஸ்டர். பெயரைப் பற்றி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: வாஷிங் மெஷினில் போடலாமா? காய்ச்சலும் தெரியுமா?

பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கையால் அலசுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். இரண்டாவதற்கு, மேலே!