மெனோபாஸ் சமயத்தில் ஒரு நாள் ஓடியாடி வேலை செய்கிறேன், மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை. உங்களுக்கும் இப்படி இருந்ததா?

இருந்தது. இன்னும் இருக்கிறது. எனக்கு 49 வயது, ஈரோட்டில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை.

மூன்று வருடம் முன்பு, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். முந்தின நாள்தான் ஒன்பது ஜாக்கெட் வெட்டி, ஆறைத் தைத்தும் முடித்திருந்தேன். மறுநாள் கத்தரியைத் தூக்கவே கை வரவில்லை. பிடிவாதமாக உட்கார்ந்து ஒரு பட்டு ஜாக்கெட்டை வெட்டினேன். இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டி வைத்திருக்கிறேன்! 22 வருடத் தொழிலில் செய்யாத தப்பு. சேலையோடு வந்த துணி, கடையில் வேறு வாங்கவும் முடியாது. பார்டரை வைத்து ஒட்டுப்போட்டு எப்படியோ ஒப்பேற்றினேன். அன்று சாயங்காலம் "என் சுடிதார் ஆச்சாம்மா?" என்று மகள் கேட்டதற்கு நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாத்ரூமில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். எதற்கென்று கேட்டால் தெரியாது.

மாமியார் சொன்னது: "எங்களுக்கெல்லாம் எப்ப நின்னுச்சுன்னே தெரியாது கண்ணு. காட்டு வேலைல அதையெல்லாம் யாரு பாத்தா?" நான் போன முதல் டாக்டரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார், கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து. வயசு அப்படித்தானாம், சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். எனக்கே நம் சோம்பேறித்தனத்துக்குப் பேர் தேடுகிறோமோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

இரண்டாவதாகப் பார்த்த பெண் டாக்டர்தான் உட்காரவைத்துக் கேட்டார். மாதவிலக்கு எப்படி வருகிறது, ராத்திரி எத்தனை தடவை விழிப்பு வருகிறது, வியர்க்கிறதா. ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொன்னார். தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 9.2. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாதாம். அந்த வருடம் முழுக்க எனக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தாலும் எட்டு நாள், பத்து நாள் கொட்டித் தீர்க்கும். கருமுட்டை வெளிவராத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் என்கிற ஹார்மோன் சுரக்காது, கர்ப்பப்பை உள்சுவர் தடித்துப்போய் மொத்தமாக இறங்கும் என்றார். ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார். ஆக, எல்லாப் பழியையும் நான் மெனோபாஸ் தலையில் போட்டுக்கொண்டிருக்க, பாதி ரத்தசோகை. மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன். அதை டீயோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது, சத்து உடம்பில் ஒட்டாது. எனக்கு அது தெரியாமல் முதல் ஒரு வாரம் வீண்.

ஹார்மோன் டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டேன். 45 தாண்டியவர்களுக்கு அறிகுறியே போதும், இன்று எடுத்தால் ஒன்று காட்டும், அடுத்த வாரம் வேறு காட்டும் என்றார். எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. ஈஸ்ட்ரோஜென் என்கிற பெண் ஹார்மோன் படிப்படியாகக் குறைந்து நின்றுவிடும் என்றே நினைத்திருந்தேன். அப்படியில்லை, ஏறி இறங்கி, ஏறி இறங்கித்தான் குறைகிறது. வோல்டேஜ் ஆடும் நாளில் தையல் மோட்டார் திடீரென்று இழுக்கும், திடீரென்று முனகும். கிட்டத்தட்ட அதுதான்.

டாக்டர் தினமும் குறித்துவரச் சொன்னதால் சமையலறையில் பால் கணக்கு எழுதும் காலண்டரில் புள்ளி வைத்தேன். தெம்பான நாளுக்குப் பச்சை, முடியாத நாளுக்குச் சிவப்பு, வியர்த்து எழுந்த ராத்திரிக்கு ஒரு கோடு. இரண்டு மாதத்தில் ஒன்று தெரிந்தது: கோடு போட்ட ராத்திரிக்கு அடுத்த நாள்தான் பெரும்பாலும் சிவப்பு. அதிலிருந்து சாயங்கால டீயை விட்டேன், ஃபேனுக்கு நேர் கீழே படுக்கையை மாற்றினேன், தலைமாட்டில் ஈரத்துண்டு. கோடுகள் குறைந்தன, நிற்கவில்லை.

வேலையையும் மாற்றினேன். பச்சை நாளில் மட்டும்தான் கட்டிங். சிவப்பு நாளில் ஹெம்மிங், ஊக்கு வைப்பது, பழைய துணி பிரிப்பது. டெலிவரி தேதியை மூன்று நாள் தள்ளியே சொல்வேன். உங்களுக்கு என்ன வேலையோ தெரியாது, ஆனால் தப்பினால் திருத்த முடியாத வேலை எது என்று பிரித்து வையுங்கள்.

ஹார்மோன் மாத்திரை எனக்குத் தேவைப்படவில்லை. உங்களுக்கு ரொம்ப முடியவில்லை என்றால் பயப்படாமல் டாக்டரிடம் கேளுங்கள், மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு வந்தவர்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள். மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் அதை வெறும் 'மூட் சரியில்லை' என்று தள்ளாதீர்கள்.

மாமியாரிடம் காலண்டரைக் காட்டினபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நடுச்சாமத்துல ஈரத்துணியப் போத்திக்கிட்டுத் திண்ணைல உக்காந்திருப்பேன். உங்க மாமா பேய் புடிச்சிருச்சுன்னு மந்திரிச்சுக் கவுறு கட்டுனாரு" என்றார்.

வீட்டுக்காரருக்கு நான் சொல்லவே இல்லை. மாசக் கடைசியில் பால் ஊற்றும் தம்பி வாசலில் நின்றார்: "ஏனுங்கக்கா, ஒரு நாளுந் தவறாம ஊத்தியிருக்கறனுங்க. அண்ணன் எட்டு நாள் காசப் புடிச்சுட்டாருங்க." என் சிவப்புப் புள்ளிகளை எண்ணிக் கழித்திருக்கிறார் மனிதர்! அன்றைக்குத்தான் அவரை உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். பால் கணக்குக்கு இப்போது தனி காலண்டர்.

தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று கணக்கு. அதற்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். நான் பத்து மாதம் வரை வந்துவிட்டேன், போன ஆடியில் திரும்ப வந்துவிட்டது. மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.