சுவர் ஓனருடையது, காசு நம்முடையது

வாடகை வீட்டு ஹாலில் நிற்கும் பெரிய வெற்றுச் சுவரைக் குறைந்த செலவில் எப்படி அழகாக்குவது என்று கேட்டு வந்த கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன். எல்லோருக்கும் சேர்த்து முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். காலி செய்யும் நாளில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போக முடியாத எதற்காகவும் அந்தச் சுவரில் பணத்தைப் போடாதீர்கள்.

கேள்வி: ஹால் சுவர் 12 அடி அகலம், 10 அடி உயரம். மொட்டையாக இருக்கிறது. ஆணி அடிக்கக் கூடாது என்கிறார் ஓனர். 2,000 ரூபாய்க்குள் என்ன செய்யலாம்? (இல்லத்தரசி, விளாங்குடி)

மதுரையில் இருந்துகொண்டு சுவருக்குத் துணி தேடி ஆன்லைனில் அலைய வேண்டாம் அம்மா. புள்ளி புள்ளியாகச் சாயம் ஏற்றிய நம்மூர்ப் பருத்திப் புடவை, அதாவது ஒரு சுங்குடிப் புடவை போதும். ஐந்தரை மீட்டர் என்றால் 18 அடி. படுக்கை வாக்கில் கட்டினால் லேசான கொசுவத்தோடு உங்கள் 12 அடிக்கும் நிறைந்து வரும், நாலடி அளவுக்கு இறங்கும். மேல்கரையை இரண்டு அங்குலம் பின்பக்கம் மடித்துப் பெரிய பெரிய ஓட்டுத்தையலாகப் போடுங்கள். அந்தக் குழாய்க்குள் கர்ட்டன் கம்பியை நுழைத்தால் வேலை முடிந்தது. புடவையை வெட்டாதீர்கள். அலுத்துப்போனால் தையலைப் பிரித்துவிட்டு உடுத்திக்கொள்ளலாம். வெயில் நேராக விழும் சுவர் என்றால் சாயம் வெளுக்கும், அதற்குப் பழைய புடவையே போதும்.

கம்பியை எங்கே மாட்டுவது? அந்தச் சுவரில் பரண் இருந்தால் அதன் விளிம்பிலிருந்து கயிறு கட்டித் தொங்கவிடலாம். இல்லையென்றால் ஓனரிடம் நேரில் போய், "இரண்டு முனையிலும் நடுவிலும் மூன்று தாங்கி மட்டும் வைத்துக்கொள்கிறோம், போகும்போது பட்டி வைத்து அடைத்துத் தந்துவிடுகிறோம்" என்று கேளுங்கள். ஆணி என்றால் முகம் சுளிக்கிறவர்கள் கர்ட்டன் கம்பி என்றால் பெரும்பாலும் இறங்கி வருகிறார்கள். சம்மதத்தை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே முறுக்கி நிறுத்துகிற ஸ்பிரிங் கம்பியை மட்டும் இவ்வளவு நீளத்துக்கு வாங்க வேண்டாம். குளியலறைத் திரைக்கு அது சரி, 12 அடிக்கு நடுவில் தொய்ந்து இறங்கிவிடும்.

கேள்வி: ஓனர் வெளியூரில் இருக்கிறார். சொல்லாமல் ட்ரில் போட்டால் தெரியவா போகிறது? (தனியார் ஊழியர், கோச்சடை)

போடாதீர்கள். சுவருக்குள் ஒயர் எந்த வழியாகப் போகிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: 12க்கு 10 சுவருக்குச் செங்கல் டிசைன் ஃபோம் ஷீட் பத்து வாங்கி ஒட்டினோம். பாதிகூட மூடவில்லை. கீழ் வரிசை உரிகிறது, ஒரு புழுங்கல் வாடையும் அடிக்கிறது. (அவனியாபுரம்)

வாங்கும் முன்பு அளந்தீர்களா? 70க்கு 77 செ.மீ. என்று போட்டு விற்கிற ஷீட் ஒன்று 6 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் 120 சதுர அடிக்கு 21 ஷீட் வேண்டும், வெட்டி வீணாவதற்கு இன்னும் ஒன்றிரண்டு. ஒரு பெருக்கல் கணக்கைப் போட்டிருந்தால் இதை வாங்கியே இருக்க மாட்டீர்கள். வால்பேப்பர் வாங்குகிறவர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். 53 செ.மீ. அகலம், 10 மீட்டர் நீளமுள்ள ரோலை "57 சதுர அடி" என்று விற்பார்கள். 120ஐ 57ஆல் வகுத்து இரண்டு ரோல் வாங்கி வந்தால் பாதியில் நிற்க வேண்டியதுதான். 12 அடி அகலத்துக்கு ஏழு பட்டை வேண்டும், 10 அடி உயரத்துக்கு ஒரு ரோலில் மூன்று பட்டைதான் தேறும். ஆக மூன்று ரோல். பூ டிசைனை ஒன்றோடொன்று பொருத்த வேண்டியிருந்தால் நான்கும் ஆகலாம்.

வாடைதான் எனக்குக் கவலை. கீழ் வரிசையை எடுத்துவிடுங்கள். முடி உலர்த்தும் டிரையரால் சூடு காட்டிக்கொண்டே மூலையிலிருந்து மெதுவாக உரித்தால் பெயிண்ட் சேதம் குறையும். பிறகு ஓரடி சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு அந்த இடத்தில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்து முத்தாக நின்றால் சுவரில் ஓதம் இருக்கிறது. அதை மூடி மறைக்கக் கூடாது. போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்புங்கள். இந்த ஃபோம் எளிதில் தீப்பிடிக்கும், விளக்குக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் ஒட்டியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஒட்டுகிற கொக்கி எல்லாமே ராத்திரியில் கழன்று விழுகிறது. நல்ல கம்பெனி எது? (ஒத்தக்கடை)

கம்பெனியில் கோளாறு இல்லை. உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். கையில் வெள்ளையாக மாவு ஒட்டினால் அது சுண்ணாம்போ மட்டமான டிஸ்டெம்பரோ அடித்த சுவர், அதில் எந்தப் பசையும் நிற்காது.

கேள்வி: கையால் முடிச்சுப் போட்ட சுங்குடி என்று சொல்லி ஒரு சுவர்த்துணியை 4,500 ரூபாய்க்குத் தந்தார்கள். தெரிந்தவர் பார்த்துவிட்டு அச்சு என்கிறார். மூன்று நாளில் கடைக்குப் போனேன். "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று பில்லைக் காட்டுகிறார்கள். (ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநகர்)

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை அம்மா. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005இல். அந்தப் பெயரைச் சொல்லியே அச்சுத் துணிக்குக் கைவேலைக் காசு வாங்குகிறார்கள். கைமுடிச்சில் துணியை நகநுனியால் கிள்ளி, நூல் சுற்றி இறுக்கிச் சாயத்தில் முக்குவார்கள். பிரித்ததும் வருகிற புள்ளிகளில் ஒன்று போல இன்னொன்று இருக்காது. ஓரம் கொஞ்சம் கசிந்திருக்கும், நடுவில் கடுகளவு நிறம் நிற்கும். அச்சில் புள்ளியும் பிசகாது, வரிசையும் பிசகாது. அச்சு சுங்குடி நல்ல துணிதான். அதை அச்சு என்று சொல்லி, அச்சு விலைக்கு விற்கட்டும்.

பில்லில் அச்சடித்த வரி உங்கள் உரிமையைப் பறிக்காது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இல்லாத தரத்தைச் சொல்லி விற்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் உள்ள கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அப்படியே. முதலில் கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் போடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும்.

பில்லில் "கைமுடிச்சு" என்று எழுதியிருக்கிறதா? ஒரு கடையில் தேக்கு ஃப்ரேம் என்று சொல்லி எனக்கு ஒரு கண்ணாடி விற்றார்கள். ஐப்பசி மழையில் கீழ்மூலை ஊதி, மேல்தாள் பிரிந்து, உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தெரிந்தது. பில்லில் "ஃப்ரேம் 1" என்று மட்டும்தான் இருந்தது. தேக்கு என்று நான் சொல்லவே இல்லை என்று சாதித்துவிட்டார் கடைக்காரர். ஆகவே விலைச்சீட்டு, விளம்பரம், வாட்ஸ்அப்பில் பேசியது எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். ஆணையம் வரை போவதானால் எனக்கு எழுதுங்கள், புகார் மனுவை எழுதித் தருகிறேன்.

கேள்வி: ஐந்து துண்டுப் படம் ஆன்லைனில் வாங்கினேன். காட்டிய போட்டோவில் சோபாவுக்கு மேல் சுவர் முழுக்க இருந்தது. வந்தது காலண்டர் அளவு. ஏமாற்றுதானே? (ஐ.டி. ஊழியர், கே.கே.நகர்)

விவரத்தில் அங்குலக் கணக்கு போட்டிருந்ததா? போட்டிருந்து நீங்கள் படிக்கவில்லையென்றால் ரிட்டர்ன் தேதிக்குள் திருப்பி அனுப்புங்கள், அவ்வளவுதான். போட்டதைவிடச் சின்னதாக வந்திருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தந்தாக வேண்டும். அடுத்த முறை, பழைய செய்தித்தாளை அதே அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, வாசலில் நின்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள் தம்பி.

கேள்வி: நான்கு வருடம் குடியிருந்தோம். நாலைந்து ஆணி ஓட்டை, பெயிண்ட் மங்கல் என்று சொல்லி அட்வான்ஸில் 15,000 பிடித்துக்கொண்டார் ஓனர். (அண்ணா நகர்)

இந்தப் "பெயிண்ட் காசு" வழக்கம் என்னைக் கொதிக்க வைக்கிறது. நான்கு வருடத்தில் எந்தப் பெயிண்ட்தான் மங்காது? குடியிருக்க விட்ட வீடு குடியிருந்தால் தேயத்தான் செய்யும், அதற்குத்தானே மாதாமாதம் வாடகை வாங்கினார். அடுத்த குடித்தனத்துக்காக அடிக்கப்போகிற பெயிண்டுக்குப் போகிற குடித்தனம் ஏன் காசு தர வேண்டும்? பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாற்றி, சாமான் ஏற்றும் கூலி கொடுத்து, புது வீட்டுக்கு அட்வான்ஸ் புரட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில்தான் இந்தப் பிடித்தம் நடக்கிறது. சண்டை போட நேரமில்லாமல் போய்விடுவார்கள் என்று தெரிந்தே பிடிக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2017இல் இயற்றிய வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் உரிமையாளர் பொறுப்பு என்று இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கி ஏதாவது இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். ஆணி ஓட்டையை அடைக்கிற செலவு நியாயமானது, அது சில நூறு ரூபாயில் முடியும். ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். "காலி செய்யும்போது பெயிண்ட் செலவு வாடகைதாரருடையது" என்று கையெழுத்துப் போட்டிருந்தால் வாதம் கஷ்டம். இல்லையென்றால் பிடித்த தொகைக்குக் கணக்கும் பெயிண்டர் பில்லும் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். ஒப்பந்தம் அந்தச் சட்டப்படியான வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருந்தால் உங்கள் பக்கம் வலு அதிகம்.

இனிமேல் குடிபோகிறவர்கள் பால் காய்ச்சுகிற அன்றே ஒவ்வொரு சுவரையும் வீடியோ எடுத்து ஓனருக்கே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: கையில் 500 ரூபாய்தான் இருக்கிறது. (மாணவர், நாகமலை புதுக்கோட்டை)

புத்தக அலமாரியை அந்தச் சுவருக்கு நகர்த்துங்கள், செலவில்லை. பொம்மை செய்கிற விளாச்சேரி உங்களுக்குத் தூரமில்லை. ஒரு பொம்மை வாங்கி அலமாரி மேல் வையுங்கள். காகிதக்கூழில் செய்தது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், எடை குறைவு, ரூம் மாறும்போது மண் பொம்மை அளவுக்கு உடையாது.