ஸ்டென்ட் வைத்தவருக்குக் காலில் சிவப்புப் புள்ளிகள்: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. பத்து நாளைக்கு முன் தஞ்சாவூரில் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தார்கள். ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் சாப்பிடுகிறார். நேற்றிலிருந்து கணுக்காலில் சிவப்புப் புள்ளிகள், லேசான காய்ச்சல். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார் மாமா. செய்யலாமா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். இவ்வளவு சீக்கிரம் விட்டால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். அதற்காக நாலு நாள் பார்க்கலாம் என்றும் இருக்க வேண்டாம், இன்றைக்கே டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

இந்த மாத்திரைகள், ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் செய்யும், அவ்வளவுதான். எண்ணிக்கையைக் குறைப்பது அவற்றின் வேலை இல்லை. இடித்த இடத்தில் நீலம் கட்டுவது சகஜம். ஆனால் இந்தச் சிவப்புப் புள்ளிகள் தட்டணு குறைந்ததால் வந்திருக்கலாம். எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போயிருந்தால் அது வேறு கதை. மிக அபூர்வமாக, க்ளோபிடோக்ரலால் டிடிபி என்ற நோய் வரும். சின்னச் சின்ன நாளங்களில் எல்லாம் ரத்தம் கட்டி, தட்டணுக்கள் அதிலேயே தீர்ந்துபோய், அந்த வழியாகப் போகிற சிவப்பணுக்களும் கிழிபட்டு, மூளையும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். 2000-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்றில், இப்படி டிடிபி வந்த 11 பேரில் 10 பேர் க்ளோபிடோக்ரலைச் சாப்பிட்டது 14 நாளோ அதற்கும் குறைவாகவோதான். உங்கள் அப்பாவுக்குப் பத்து நாள்தான் ஆகிறது என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன்.

நம் டெல்டாவில் ஒரு சிக்கல் உண்டு. அடைமழைக் காலத்தில் காய்ச்சலோடு தட்டணு குறைந்தாலே டெங்கு என்று முடிவு கட்டி, பப்பாளி இலைச் சாறு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். வயலில் இறங்குகிறவர் என்றால் எலிக்காய்ச்சலுக்கும் இதே அடையாளங்கள்தான். காய்ச்சலும் காரணமாக இருக்கலாம், மாத்திரையும் காரணமாக இருக்கலாம், அதனால் டாக்டரிடம் மாத்திரை அட்டையைக் காட்டி, ஆரம்பித்த தேதியையும் சொல்லுங்கள். தட்டணு எண்ணிக்கையோடு ஸ்மியர் (ரத்தத் துளியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது), எல்டிஹெச் (சிவப்பணுக்கள் உடைந்தால் கூடுவது), கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கானது) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஸ்மியரில் உடைந்த சிவப்பணுக்கள் தெரிந்தால் டிடிபி சந்தேகம் வலுக்கும். அதற்குச் சிகிச்சை பிளாஸ்மா மாற்றுவது, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு, தானமாக வந்ததை ஏற்றுவது. டெங்கு என்று நினைத்துத் தட்டணு ஏற்றினால் நிலைமை மோசமாகக்கூடும்.

அப்புறம், தொண்டை வலி, வாய்ப்புண்ணோடு காய்ச்சல் என்றால் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கலாம். இதே வகைப் பழைய மாத்திரையான டிக்ளோபிடினில் இது அதிகம், அதைக் கொடுத்த காலத்தில் முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொன்னார்கள்.

பேச்சுக் குழறல், குழப்பம், கண் மஞ்சள், சிறுநீர் கறுத்துப் போவது இதில் எது வந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். பிளாஸ்மா மாற்றும் வசதி தஞ்சாவூரிலா திருச்சியிலா என்று டாக்டரையே போன் போட்டு விசாரிக்கச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்துவதா மாற்றுவதா என்பதை ஸ்டென்ட் வைத்த டாக்டர் சொல்லட்டும், மாமா வேண்டாம்.