ஏழு நாளில் பாஸ்டனிலிருந்து சியாட்டில்

கேள்வி: அக்கா, பாஸ்டனில் எம்.எஸ். முடித்த நாங்கள் நான்கு பேர் மே கடைசியில் வாடகைக் காரில் சியாட்டில் வரை போகப்போகிறோம். எனக்கு அங்கே வேலை தொடங்குவதால் ஏழு நாள்தான் கையில் இருக்கிறது. நயாகரா, யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன், சான் பிரான்சிஸ்கோ எல்லாம் முடியுமா? இன்னொன்று, எங்களில் ஒருவனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, வரமாட்டேன் என்கிறான். எப்படிக் கூட்டிப் போவது?
- வாசகி, பாஸ்டன்

பதில்: கிராண்ட் கேன்யனையும் சான் பிரான்சிஸ்கோவையும் இப்போதே எடுத்துவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். ஆனால் பாஸ்டனையும் சியாட்டிலையும் இணைக்கிற ஐ-90 நெடுஞ்சாலை மட்டுமே சுமார் 3,020 மைல், அமெரிக்காவின் மிக நீளமான இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை அதுதான், எங்கும் நிற்காமல் ஓட்டினாலே ஏறக்குறைய 45 மணி நேரம். யெல்லோஸ்டோனுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கினால் மற்ற ஆறு நாளும் தினம் ஏழரை மணி நேரம் ஓட்டியாக வேண்டும். இதுவே அதிகம்.

நாங்கள் படிப்பு முடித்து இதே சாலையில் போனபோது ஐந்தே நாளில் போய்விடலாம் என்று கிளம்பினோம். சவுத் டகோட்டாவில் இரவு ஒரு மணி, ஓட்டிய தோழி பேசிக்கொண்டேதான் வந்தாள், திடீரென்று பேச்சு நின்றது, அடுத்த நொடி சாலையோரம் வரிவரியாக வெட்டியிருக்கிற பள்ளங்களில் சக்கரம் ஏறி கார் முழுக்கத் தடதடவென்று அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில்தான் அவள் கண் விழித்தாள். அடுத்த எக்ஸிட்டில் இறங்கினோம், விடியும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. தயவுசெய்து இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள், மான்கள் சாலைக்கு வருவதும் அந்த நேரத்தில்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். ஓட்டப்போகிற எல்லார் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கட்டும், பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடலாம். 25 வயது ஆகாதவர்களுக்குக் கூடுதல் கட்டணம், வேறு ஊரில் காரை விட்டால் அதற்கும் ஒன்று என்று சேர்ந்துகொண்டே போகும், மொத்தம் எவ்வளவு என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

நயாகராவை அமெரிக்கப் பக்கத்திலிருந்தே பாருங்கள். கனடா பக்கம் போக இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டும், படிப்பு முடித்தவர்கள் வேலை செய்ய அனுமதிக்கிற ஓபிடி அட்டை கைக்கு வராத நேரத்தில் எல்லை தாண்டித் திரும்புவது வீண் கவலை. பாஸ்போர்ட், பல்கலைக்கழகம் தந்த ஐ-20, அமெரிக்காவுக்குள் வந்ததற்குப் பதிவான ஐ-94 மூன்றும் ஆளாளுக்குத் தங்கள் பையில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம்.

சவுத் டகோட்டாவின் பேட்லேண்ட்ஸை மட்டும் சாயங்காலமாகப் போய்ப் பாருங்கள். வெயில் சாயச் சாய அந்த மண்மேடுகளின் மஞ்சளும் சிவப்பும் அடுக்கடுக்காகத் தெளிந்து வரும், எனக்கு யெல்லோஸ்டோனைவிட அதுதான் பிடித்தது. அப்புறம் மொன்டானாவில் லிவிங்ஸ்டன் ஊரில் தெற்கே திரும்பினால் கார்டினர் வழியாக யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் போய்விடலாம். மே கடைசியிலும் அங்கே பனி பெய்யும், கனமான ஜாக்கெட்டை மறக்காதீர்கள். மேற்கே போவதால் வழியில் மூன்று முறை கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைப்பீர்கள், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், அதையும் ஓட்டுவதில் செலவழிக்காமல் தூங்குங்கள்.

சரி, உங்கள் நண்பர். "உன் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மூன்று பேர் சேர்ந்து சொல்லாதீர்கள், இரண்டு வருஷம் சமமாக உட்கார்ந்து படித்தவருக்கு அது வலிக்கும். நீங்கள் ஒருவர் மட்டும் தனியாகப் பேசுங்கள். மூன்று பேர் போனாலும் நான்கு பேர் போனாலும் கார் வாடகையும் பெட்ரோலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அது எங்கள் கணக்கு, சாப்பாடும் படுக்கையும் மட்டும் உன்னுடையது என்று தொகையோடு சொல்லுங்கள். பணம் மட்டுமே காரணமாக இருக்காது என்றும் தோன்றுகிறது, வழியில் இன்டர்வியூ அழைப்பு வந்து சிக்னல் இல்லாமல் போய்விட்டால் என்ற பயம் இருக்கலாம். மொன்டானாவில் அது நிஜமாகவே நடக்கும். அதனால் அவருடைய இன்டர்வியூ தேதிகளை முதலில் வாங்கி, அந்த மதியங்கள் சிகாகோ, பில்லிங்ஸ் போன்ற ஊர்களில் விழுகிற மாதிரி பயணத்தைப் போடுங்கள். அந்த ஒரு மணி நேரம் ஹோட்டல் அறையை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் மூவரும் வெளியே நடந்துவிட்டு வாருங்கள்.