"புதூர்" என்று மட்டும் சொல்லி இணைப்பு போய்விட்டால்

சகோதரி, 108 கட்டுப்பாட்டு அறையில் சேர்ந்து இரண்டு மாதம். "புதூர், சீக்கிரம் வாங்க" என்று கத்திவிட்டு ஒருவர் இணைப்பைத் துண்டித்ததிலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு வருடம் அந்த நாற்காலியில் இருந்தவன் நான். மாவட்டத்துக்கு நாலு புதூர் இருக்கும்!

"என்ன ஆச்சு?" என்று தொடங்காதீர்கள். முதலில் இடம்: மாவட்டம், வட்டம், ஊர், பிறகு தண்ணீர்த் தொட்டியோ ரேஷன் கடையோ ஓர் அடையாளம். நெடுஞ்சாலை என்றால் கிலோமீட்டர் கல்லின் எண். இடம் கிடைத்துவிட்டால் இணைப்பு அறுந்தாலும் வண்டி போய்விடும்.

கத்துபவரிடம் "பதறாதீர்கள்" என்றால் எரிச்சல்தான் கூடும். வேலை கொடுங்கள்: "ஒருவரை டார்ச்சுடன் தெருமுனையில் நிறுத்துங்கள்." நோயாளிக்கு நினைவும் மூச்சும் இல்லையென்றால், நெஞ்சின் நடுவில் அழுத்தச் சொல்லி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை வரும் வேகத்தில் நீங்களே "ஒன்று, இரண்டு" என்று உரக்க எண்ணுங்கள். எண்ண எண்ண உங்கள் குரலும் நிலைக்கு வரும்.

இருமுறை திரும்ப அழைத்தும் அவர் எடுக்கவில்லை என்கிறீர்கள். மேற்பார்வையாளருடன் உட்கார்ந்து அந்தப் பதிவை ஒருமுறை கேளுங்கள். நீங்கள் நினைப்பதைவிட நிதானமாகத்தான் பேசியிருப்பீர்கள்.