மாவு மூட்டையும் மண்ணெண்ணெயும்

ராணுவ சப்ளைப் பிரிவில் 22 ஆண்டுகள் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகன் அக்னிவீராகச் சேர்ந்து, பெங்களூரு ஏ.எஸ்.சி. (ராணுவ சப்ளைப் பிரிவு) சென்டரில் டிரைவர் பயிற்சி முடித்து லடாக் போகிறான். "அது மூட்டை தூக்கும் பட்டாளம்தானே" என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். உண்மையில் அவனுக்கு அங்கே என்ன வேலை? (வாசகி, குடியாத்தம்)

அம்மா, இந்தப் பேச்சு என் காதிலும் விழுந்திருக்கிறது. 1999 கார்கில் சண்டையில் நான் திராஸ் வழியாக லாரி ஓட்டினேன். சாலையைப் பார்த்தபடி இருந்த முகடுகளில் எதிரி உட்கார்ந்திருந்தான். விளக்கைப் போட்டால் பீரங்கி ஷெல் வந்து விழும். அதனால் ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டு, முன்னால் போகிற வண்டியின் நிழலைப் பிடித்துக்கொண்டே போவோம். பின்னால் இருந்தது நீங்கள் சொல்லும் அதே மூட்டைதான். அது போய்ச் சேரவில்லையென்றால் மேலே இருக்கிற பையன் பசியோடு சுடணும்.

உங்கள் பிள்ளை போனதும் வண்டியில் ஏற்றிவிட மாட்டார்கள். 9,000 அடிக்கு மேல் உடம்பு பழக ஆறு நாள். 12,000 தாண்டினால் இன்னும் நாலு நாள், 15,000 தாண்டினால் மேலும் நாலு நாள். முதல் இரண்டு நாள் படுத்தே கிடக்கச் சொல்வார்கள். "எனக்கு ஒன்றும் இல்லை" என்று எழுந்து ஓடக்கூடாது என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். தலைவலியை மறைத்தால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம் தினப்படி வேலை. காலையில் பி.டி., அது முடிந்ததும் வண்டி மெயின்டனன்ஸ். டயர், ஆயில், பேட்டரி பார்த்து, கார் டைரி (வண்டி ஓடிய கணக்கு) எழுதிக் கையெழுத்து வாங்கணும். லாரிகள் வரிசையாகக் கிளம்பும் கான்வாய் நாளில் விடியுமுன்பே ஃபால்-இன், அதாவது அணிவகுத்து நிற்கணும். கோடைக்காலம்தான் எங்களுக்குப் பேய்த்தனமான வேலை. பனி விழுந்து, காஷ்மீரிலிருந்து லடாக் போகும் வழியில் இருக்கிற சோஜிலா கணவாய் மூடுவதற்குள், குளிர்காலத்துக்கான அரிசி, ஆட்டா, பருப்பு, டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் மேலே ஏறியாகணும். இப்போது எல்லைச் சாலை அமைப்புக்காரர்கள் மார்ச் வாக்கிலேயே திறந்துவிடுகிறார்கள். என் காலத்தில் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும்.

ஒரு தவறைச் சொல்கிறேன், அவனுக்கு உதவும். ஒரு அக்டோபர் சாயங்காலம், சாலை முடிகிற இடத்தில் சரக்கு இறக்கினோம். திடீரென்று பனி கொட்ட ஆரம்பித்தது. அவசரத்தில் ஆட்டா மூட்டைகளையும் மண்ணெண்ணெய் ஜெர்ரி கேன்களையும் ஒரே தார்ப்பாயின் கீழ் போட்டு மூடிவிட்டேன். ஒரு கேனின் மூடியில் ரப்பர் வாஷர் வெடித்திருந்ததை நான் பார்க்கவில்லை. விடிந்ததும் மூட்டைகள் கோவேறு கழுதைகள் மேல் ஏறி மலைக்குப் போய்விட்டன. நாலு நாள் கழித்து மேலே இருந்த காவல் போஸ்ட்டிலிருந்து இறங்கி வந்த ஒருவர், ரொட்டி முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம், வேறு மாவு இல்லாததால் அதையே சுட்டுத் தின்றோம் என்று சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு கேனையும் தலைகீழாகக் கவிழ்த்து, மூடியை விரலால் தடவிப் பார்த்து, விரலை மோந்து பார்த்த பிறகுதான் ஏற்றுவேன். ஓய்வுபெறும் நாள் வரை அதை விடவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்தக் காலத்திலும் ராணுவத்தில் கோவேறு கழுதை இருக்கிறதா? (வாசகர், தேனி)

இருக்கிறது. எண்ணிக்கை குறைந்து வருகிறது, ஆனால் லாரியும் ஹெலிகாப்டரும் போக முடியாத ஒற்றையடிப் பாதை இன்னும் இருக்கிறதே. இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்கணும். கொஞ்சம் சாய்ந்தாலும் சேணம் முதுகை அறுத்துவிடும். முகாம் வந்ததும் முதலில் கழுதையின் முதுகைத் தேய்த்து, புண் பார்த்து, தீவனம் வைத்துவிட்டுத்தான் மனிதன் டீ குடிப்பான். நான் ரொம்ப மதிக்கிற வழக்கம் அது.

கேள்வி: லடாக்கில் இருக்கும் கணவருக்கு வீட்டுப் பலகாரம் அனுப்பலாமா? (வாசகி, கம்மவான்பேட்டை)

தாராளமாக அனுப்பும்மா. ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், யூனிட் எழுதி, அவர் சொல்லும் ஏ.பி.ஓ. (ராணுவ தபால் நிலையம்) எண்ணைப் போட்டால் போதும், ஊர்ப் பெயர் எழுதக்கூடாது. ஸ்வெட்டர் வேண்டாம், நல்லதாகவே கொடுப்பார்கள். முறுக்கு நொறுங்கும், பரவாயில்லை, தூளையும் தின்போம். பருப்புப் பொடி அனுப்பு. அந்த உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. நெய்யை மட்டும் குறுகிய வாய் பாட்டிலில் ஊற்றாதே. கல்லாக உறைந்துவிடும். கரண்டி நுழைகிற மாதிரி வாயகன்ற டப்பாவாகப் பார்த்து அனுப்பு.